மாடவீதி முக்கு வரைக்கும் காசி

காமராஜர் மாவட்டத்தில் பொய் சொல்லாமல் உயிர் வாழும் ஒரே ஆண்பிள்ளை தான்தான் என்று சுப்புராஜ் அறிவித்தான். அறிவித்த இடம், ராஜபாளையத்தில் அவனுக்குச் சொந்தமான அச்சகத்தின் பின்னறை. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. முன்னறையில் எழுத்துக் கோக்கும் பரிபூரணத்தின் காதில் விழக் கூடாதென்று குரலையும் தாழ்த்தியிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தது சேஷு ஒருவன்தான். அவனும் அந்தச் சமயம் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"பொடியில எண்ணெய் பத்தலை," என்றான் சேஷு.

"ஏலே, நான் எம்புட்டுப் பெரிய விசயம் சொல்லிட்டிருக்கேன்."

"கேட்டுண்டுதான் இருக்கேன். மாவட்டத்துலயே ஒரே ஆள். மேல சொல்லு."

மேலே சொன்னான். ஆணுக்கு ஆண்மேல் பிரியம் வருவது இந்தத் தாலுகாவுக்குப் புதிதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பஞ்சுமில் வரை எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அத்தனை பேரும் முப்பது வயதுக்குள் எவள் கழுத்திலாவது ஒரு தாலியைக் கட்டி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு விட வெளியே வருகிறவர்கள். சுப்புராஜ் அந்த ரகம் இல்லை. தாலி கட்டமாட்டான். கட்டுகிறவனை மதிக்கமாட்டான். கட்டுகிறவன் பக்கத்தில் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறவனை மனித ஜாதியிலேயே சேர்க்கமாட்டான்.

இப்படிச் சொன்னவனுடைய பிழைப்பு கல்யாணப் பத்திரிகை அடிப்பது. வைகாசி வந்தால் ஒருநாளைக்கு எட்டுக் கல்யாணம் அவன் மெஷினில் நசுங்கி வெளியே வரும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கட்டும்போது, "இன்னும் ரெண்டு பொய்," என்பான். பரிபூரணம் இதை அச்சுத்தொழில் வார்த்தை என்றே நினைத்திருந்தார். "ஆமா முதலாளி, நாளைக்கு மூணு பொய் இருக்கு, சோழபுரத்துப் பார்ட்டி," என்பார்.

சேஷு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ராஜபாளையம் தபாலாபீசில் குமாஸ்தா. காலை எட்டு மணிக்கே பஸ்ஸில் வந்து இறங்கி, ஆபீஸ் திறக்கும்வரை அச்சகத்துப் பின்னறையில் இருப்பான். அவன் அம்மா அம்புஜவல்லி இரண்டு பேருக்கும் சேர்த்தே இட்லி கட்டிக் கொடுப்பாள். ஆறு வருஷமாக இப்படி. ஊர் இதற்கு 'நல்ல சிநேகிதம்' என்று பெயர் வைத்திருந்தது. ஊர் தப்பாகச் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டது.

சேஷு வீட்டில் சுப்புராஜுக்கென்று தனி டம்ளர் உண்டு. பிரியத்தால் தனியாக வைத்திருக்கிறாள் அம்மா என்று சேஷு சொல்வான். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டுப் பையனுக்கு ஐயங்கார் வீட்டில் ஏன் தனி டம்ளர் என்று சுப்புராஜுக்குத் தெரியும். காபி நன்றாக இருந்ததால் பேசாமல் குடித்தான். அந்த டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஒருநாள் அம்புஜவல்லி கேட்டாள்.

"சுப்பு, இவனுக்கு நீதான் சொல்லணும். முப்பது ஆகப்போறது. இவன் தங்கை ஜயலக்ஷ்மிக்கு வரன் பாக்க வரவாள்லாம், மூத்தவன் ஏன் இன்னும் பண்ணிக்கலைன்னு கேக்கறா. நான் சொன்னா எழுந்து போயிடறான். நீ சொன்னா கேப்பான்."

"சொல்றேன் மாமி," என்றான், பொய்யே சொல்லாத சுப்புராஜ்.

அந்த வருஷம், தொண்ணூற்றாறு கடைசியில், மதுரையில் ஒரு கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஓர் இங்கிலீஷ் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருந்த தபால்பெட்டி எண்ணுக்குச் சுப்புராஜ் எழுதிப் போட்டிருந்தான். பதில் மெட்ராஸிலிருந்து வந்தது. சேஷுவே முத்திரை குத்தி, சேஷுவே கட்டிலிருந்து பிரித்தெடுத்து, சேஷுவே சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நம்மைப் போன்றவர்கள் பெருமையோடு ஒன்றுகூடுவோம் என்று இருந்தது. ஊர்வலமும் உண்டு என்று போட்டிருந்தது.

"பெருமைன்னு போட்டிருக்கான் பாத்தியா," என்றான் சுப்புராஜ்.

"பாத்ரூம் வசதி உண்டான்னு போட்டிருக்கானா பாரு," என்றான் சேஷு.

மதுரையில் ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜின் மாடி ஹால். வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் 'தபால்தலை சேகரிப்போர் ஆண்டுக் கூட்டம்' என்று எழுதியிருந்தது. நிஜத்தை எழுதினால் ஹால் கொடுக்கமாட்டார்கள். போலீஸ்தான் இடம் கொடுக்கும்.

பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மெட்ராஸ் தாடிக்காரர் ஒருவர் எல்லாரையும் பெயர் சொல்லச் சொன்னார். அதில் ஆறு பேர் ரவி. சேஷு ஏழாவது ரவி ஆனான். சுப்புராஜ் எழுந்து நின்று தன் பெயர், அப்பா பெயர், அச்சகம், தெரு, பின்கோடு அத்தனையும் சொன்னான். பக்கத்தில் இருந்த ரவி தன் நாற்காலியைச் சற்று தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நாம நம்மளை நெனச்சுப் பெருமைப்படணும்," என்று தாடிக்காரர் ஆரம்பித்தார். ஒருவர் கையைத் தூக்கினார். பெருமைப்பட்டு முடிக்க ஐந்து மணிக்குமேல் ஆகுமா, மகளுக்குக் கிறிஸ்துமஸ் கவுன் எடுக்கவேண்டும், கடையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்றார். சுப்புராஜ் எண்ணிப் பார்த்தான். பத்தொன்பதில் பதினோரு விரல்களில் கல்யாண மோதிரம்.

வெளிநாட்டில் இந்த ஊர்வலம் நடுரோட்டில் போகுமாம். மதுரையில் மொட்டைமாடியில் போயிற்று. தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி மூன்று சுற்று. எதிர் லாட்ஜ் ஜன்னல்களுக்குத் தெரியாமல் இருக்க, பேனரின் எழுத்துப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்கள். ஆகவே அதைப் படித்தது தண்ணீர்த்தொட்டி மட்டும்தான். கோஷத்தை மூச்சுக்காற்றால் போட்டார்கள். குறுக்கே லாட்ஜ் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்ததும் வரிசையாகக் குனிந்து போனார்கள். தலை நிமிர்ந்து நடப்போம் என்பதுதான் கோஷம்.

இரண்டாவது சுற்றில் வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார்.

"ஸ்டாம்பு கூட்டம்னீங்க. ஒரு ஸ்டாம்பையும் காணோமே."

ஆறு ரவிகளும் தரையைப் பார்த்தார்கள். தாடிக்காரருக்குத் தாடி மட்டும் அசைந்தது. சுப்புராஜ் உண்மையைச் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அது ஏன் என்று பிற்பாடு அவன் யோசிக்கவுமில்லை. ஏழாவது ரவிதான் முன்னால் வந்தான். தபால்தலையின் ஓரத்தில் பல் பல்லாக இருப்பதை எண்ணி, எது அசல் எது போலி என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினான். வாட்ச்மேன் இறங்கிப் போய், மலேசியாவிலிருந்து அவர் மச்சினன் போட்ட கவர் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது அசலா பாருங்க தம்பி."

சேஷு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அசல்தான்," என்றான். அந்தக் கூட்டத்தில் அன்றைக்குச் சந்தேகமில்லாமல் அசலென்று சொல்லப்பட்டது அது ஒன்றுதான்.

டீக்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். மனைவிக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அவள் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை என்றார் ஒரு ரவி. ஏட்டு ஒருவர் மாதாமாதம் வீட்டு வாசலில் வந்து நின்று சும்மா சிரித்துவிட்டுப் போகிறார் என்றார் இன்னொரு ரவி. எட்டு வருஷக் கடிதங்களை வெந்நீர் அடுப்பில் போட்டு, அந்த வெந்நீரில் குளித்ததாக ஒருவர் சொன்னார். கடைசியில் எழுந்தவர் கண்ணுச்சாமி. அருப்புக்கோட்டைப் பக்கம் மோட்டார் மெக்கானிக், வயது நாற்பத்தைந்து இருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அவர் சொந்தப் பெயரைத்தான் சொல்லியிருந்தார், ஆனால் சத்தமில்லாமல்.

"எங்க ஆளுக்குக் கல்யாணம் ஆயி இருபது வருசம் ஆச்சு. நான்தான் மாப்பிள்ளைத் தோழன். தோழனுக்கு வேற என்ன சோலி, கைக்குட்டையை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கணும். வேர்க்க வேர்க்கத் தொடைச்சு விட்டேன். நெத்தி, கன்னம், கழுத்து. ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு." சற்று நிறுத்தினார். "ஊர் பாக்க அவன் மூஞ்சியத் தொட்டது அந்த ஒரு நாள்தான். பொறவு அப்படி வாய்க்கலை."

சுப்புராஜ் எழுந்தான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. உம்ம ஆளு இன்னொருத்தி கழுத்துல தாலி கட்டுதான். நீரு பக்கத்துல நின்னு தொடைச்சு விடுதீரு. அதுக்குப் பேசாம ஒரு டேபிள் ஃபேனை வாடகைக்கு எடுத்து வச்சிருக்கலாம். அதுக்கு வலிக்காது பாருங்க."

ஹால் சிரித்தது. காலையிலிருந்து சிரிக்க ஒன்றும் கிடைக்காத ஹால். கண்ணுச்சாமியும் சிரித்தார்.

"அப்ப எங்க ஊர்ல கரண்டு வரலை தம்பி," என்றார்.

"நானா இருந்தா மண்டபத்து வாசல்ல வண்டியைப் போட்டு, அவனை ஏத்திக்கிட்டு வந்திருப்பேன்," என்றான் சுப்புராஜ். கைதட்டினார்கள், கீழே கேட்டுவிடாதபடி, விரல் நுனியால்.

திரும்பும் பஸ்ஸில் கல்லுப்பட்டி தாண்டும்வரை சேஷு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அவரை அப்படிச் சொல்லியிருக்கப்படாது நீ."

"நெசத்தைத்தானே சொன்னேன்."

"அவரும் அதைத்தான் சொன்னார்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது "வரேன் சார்," என்றான் சேஷு. கண்டக்டர் தெரிந்தவர்.

மாசி மாதம் ஒரு காலையில் சேஷு இட்லி கொண்டுவரவில்லை. அதற்குப் பதில் நாலாக மடித்த ஒரு தாள் கொண்டுவந்தான். மூலையில் மஞ்சள்.

"இதை அடிக்கணும். நானூறு."

சுப்புராஜ் வாங்கிப் படித்தான். சிரஞ்சீவி சேஷாத்ரி. சௌபாக்கியவதி ஸாவித்ரி, வத்திராயிருப்பு. வைகாசியில் முகூர்த்தம், கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். தொழில் பழக்கத்தால் ஒருதரம் தேதிக்குக் கிழமை சரியா என்று காலண்டரைப் பார்த்தான். சரியாக இருந்தது.

"யாரைக் கேட்டு?"

"அம்மா பத்து நாளா ராத்திரி சாப்பிடலை. ஜயாவுக்கு வந்த வரன் தட்டிப் போயிடுத்து. பாஷ்யம் மாமா நேராவே கேட்டார், உனக்கு உடம்புல ஏதாவது குறையான்னு."

"இருக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே."

"சொல்லிருந்தா டாக்டர்ட்ட அழைச்சுண்டு போவார். திருநெல்வேலில ஒருத்தர் இருக்காராம். மண்டையில கரண்டு வைப்பாராம்."

சுப்புராஜ் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"அந்தப் பொண்ணு உனக்கு என்னலே பாவம் பண்ணுச்சு?"

"தெரியலை. அஞ்சு நிமிஷம்தான் பாத்தேன். கேசரி கொண்டுவந்து வச்சா. முந்திரியெல்லாம் என் தட்டுல இருந்தது."

முன்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. பிறகு சுப்புராஜின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மதுரையில் கைதட்டு வாங்கியபோது வந்த அதே வெளிச்சம்.

"உங்க கல்யாணத்துல, மாப்பிள்ளை காசிக்குப் போறேன்னு குடையைத் தூக்கிட்டு ரோட்டுல எறங்குவான்ல?"

"ஆமா. குடை, தடி, விசிறி, செருப்பு. சன்னியாசியாப் போறேன்னு ஏழெட்டு அடி வைப்பான். பொண்ணோட அப்பா தேங்காயோட வந்து, காசிக்கெல்லாம் வேண்டாம், என் பொண்ணைத் தரேன், திரும்பி வாங்கோன்னு மறிப்பார். திரும்பிடுவான்."

"எவனாவது ஒருத்தன் திரும்பாமப் போயிருக்கானா?"

"எங்கே."

"நீ போ."

சேஷு அவனைப் பார்த்தான்.

"ஏலே, யோசிச்சுப் பாரு. உங்க முன்னோர் நமக்குன்னே ஒரு வழி வச்சிட்டுப் போயிருக்காங்க. பந்தியில பாதியில எந்திரிச்சு ஓடினாத்தான் அசிங்கம். இது சாஸ்திரம். போறேன்னு சொல்லித்தான் எறங்குதே. அவர் கூப்பிடட்டும். நீ நடந்துகிட்டே இரு. மாடவீதி முக்குல எஸ்டி பைக்கோட நான் நிக்கேன். ஏறு. மெட்ராஸ் தாடிக்காரருக்கு பெங்களூர்ல ஆள் இருக்கு. தாலி ஏறலை, பொய் இல்லை, அம்புட்டுதான். அந்தப் பொண்ணும் தப்பிச்சுக்கிடும்."

"சரி," என்றான் சேஷு.

இந்தச் 'சரி'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தபாலாபீஸ் ஜன்னலுக்கு ஒருநாளைக்கு நூறு பேர் வருவார்கள். பட்டாளத்திலிருந்து எம் மகன் கடுதாசி வந்தா எடுத்து வைங்க சாமி என்பார்கள். சேஷு நூறு பேரிடமும் 'சரி' என்பான். கேட்டவர்கள் நிம்மதியாகப் போவார்கள். ஜன்னல் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுச் சுப்புராஜே பலதரம் சிரித்திருக்கிறான். ஆனால் மாவட்டத்தின் ஒரே உண்மைக்காரன், தனக்குச் சொல்லப்பட்ட சரி வேறு ரகம் என்று எடுத்துக்கொண்டான்.

நானூறு பத்திரிகையையும் அவனே நின்று அடித்தான். கடையில் இருந்ததிலேயே நல்ல அட்டை, நல்ல பார்டர். மஞ்சள் தடவும்போது எதுவும் சொல்லவில்லை. பழக்கம் விடாமல் பரிபூரணம்தான் சொன்னார்: "முதலாளி, பொய்யெல்லாம் கட்டியாச்சு."

வீட்டில் அம்மா பத்திரிகையைத் தடவிப் பார்த்தாள். "ஏமிரா, அந்த ஐயங்காரு பையனே பண்ணிக்கிடுதான். நுவ்வு எப்புடு?" என்றாள். நீ எப்போது என்ற அந்தத் தெலுங்குக் கேள்வி முடிவதற்குள் அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

வைகாசி முகூர்த்தத்தன்று காலை ஆறரைக்கே சுப்புராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டான். டாங்க் நிறையப் பெட்ரோல். பின்னால் கட்டிய பையில் இரண்டு சட்டை, ஒரு பேன்ட். பஞ்சகச்சத்தோடு பெங்களூர் வரை வண்டியில் உட்கார முடியாதே என்று யோசித்து, சேஷுவின் இடுப்பளவுக்கு அவனே வாங்கியது. மாடவீதி முக்கில் வண்டியை நிறுத்தினான், ஆனால் அணைக்கவில்லை. அந்த எஸ்டியை அணைத்தால் மறுபடி எட்டு உதை உதைக்கவேண்டும். அவசரத்துக்கு எட்டு உதை ஆகாது. ஸ்டாண்டில் போட்டுத் தடதடவென்று ஓடவிட்டு, நேரம் என்ன ஆகிறது பார்க்கலாமென்று மண்டபத்துக்குள் போனான்.

நடையில் ஒரு பெண் எதிரே வந்தாள். கூறைப்புடவைக்கு முந்தின புடவை. கை நிறைய மருதாணி. ஸாவித்ரி என்று கேட்காமலே தெரிந்தது.

"நீங்கதானே பத்திரிகை அடிச்சவர்? அவர் சொல்லிருக்கார், உயரமா இருப்பார்னு. ரொம்ப நன்னா இருந்தது. எங்கண்ணாவுக்கு லடாக்ல லீவு குடுக்கலை. ஒண்ணைத் தபால்ல அனுப்பிச்சேன். கட்டிலுக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்னு எழுதிருக்கான்."

"சந்தோசம்மா," என்றான் சுப்புராஜ். அவளைத் தப்பிக்கவைக்க வந்தவன், அவளிடமிருந்து தப்பித்து வேகமாக வண்டிக்குத் திரும்பினான்.

ஏழேகாலுக்கு நாயனம் கிளம்பியது. சேஷு வாசலுக்கு வந்தான். கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டு, காலில் புதுச் செருப்பு. ஒரு கையில் தடியும் புத்தகமும், இன்னொரு கையில் விசிறியும் மூட்டையும். குடையைப் பிடிக்க மட்டும் கை மிச்சமில்லை. அதைப் பிடிக்கவேண்டியவன் பெண்ணின் அண்ணன். அவன் லடாக்கில் இருந்தான்.

பாஷ்யம் மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "மச்சினன் ஸ்தானத்துக்கு யாரு? கொஞ்சம் உயரமாப் பாருங்கோ, இவனே ஒட்டகம் மாதிரி இருக்கான்." பார்வை தெருமுனை வரை போயிற்று. "ஏய் சுப்புராஜு, அங்க வண்டிகிட்ட என்ன பண்றே? வா இப்படி. சிநேகிதன்னு பேரு, தெருக்கோடில நிக்கறதைப் பாரு."

சாஸ்திரிகளின் முகம் சுருங்கியது. "வேற மனுஷா பிடிக்கறதுன்னா..."

"குடைக்கேது ஓய் கோத்திரம். நாழியாறது."

சுப்புராஜ் போனான். இப்படி அமையும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. இது இன்னும் நல்லது. இரண்டு பேரும் சேர்ந்தே நடக்கலாம். குடை புதிது, கடைச் சீட்டுகூட இன்னும் நூலில் தொங்கியது. விரித்துச் சேஷுவின் தலைக்குமேல் பிடித்தான்.

"வண்டி ஓடிட்டிருக்கு," என்றான் காதோரம்.

"கேக்கறது," என்றான் சேஷு.

நடந்தார்கள். பின்னால் நானூறு பேர். ஆறு வருஷத்தில் இவ்வளவு நெருங்கி, பகல் வெளிச்சத்தில், மேளதாளத்தோடு, ஒரு குடையின் கீழ் அவர்கள் நடந்ததில்லை. மதுரை மொட்டைமாடியில்கூட நடுவில் ஒரு ரவி இருந்தார். ஓரடி, இரண்டடி என்று சுப்புராஜ் எண்ணிக்கொண்டே வந்தான். ஐந்தாவது அடியில், வண்டிச் சத்தம் சுருதியைக் கெடுக்கிறதென்று நாயனக்காரர் முறைக்க, பெண்வீட்டுக்காரர் ஒருவர் தெருமுனைக்கு ஓடினார். ஆறாவது அடி. ஏழாவது அடியில் ஸாவித்ரியின் அப்பா தேங்காயும் கையுமாக எதிரே வந்து நின்றார். குள்ளமான மனிதர், பட்டுவேட்டி அவருக்குப் பெரிதாக இருந்தது. சொல்லவேண்டிய வாக்கியத்தை மறந்துவிடுவோமோ என்று பயந்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

"காசிக்குப் போகவேண்டாம். என் பொண்ணு ஸாவித்ரியை உங்களுக்குத் தரேன். திரும்பி வரணும்."

மாடவீதி முக்கு இன்னும் முப்பது அடி. சேஷு அதைப் பார்த்தான். ஆபீஸ் முடிகிற நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி, ஒரே ஒருதரம்.

"நடலே," என்றான் சுப்புராஜ், பல்லைத் திறக்காமல்.

"சுப்பு."

"நிக்காத. நட."

"கண்ணுல வேர்வை இறங்கறதுடா. எரியறது. ரெண்டு கையும் ரொம்பியிருக்கு."

முனையில் எஸ்டியின் சத்தம் இரண்டு விக்கல் விக்கி அடங்கிவிட்டது. நாயனக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். சுருதி சேர்ந்தது.

நானூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸாவித்ரியின் அப்பா தேங்காயை நீட்டியபடியே நின்றார். சொல்லி முடித்துவிட்ட நிம்மதியில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சேஷு அசையாமல் முகத்தைச் சற்றே சாய்த்துக் கொடுத்தான்.

சுப்புராஜ் குடையை இடதுகைக்கு மாற்றினான். வலதுகையால் பேன்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, அச்சு மை படாத பக்கமாகப் பார்த்து மடித்தான். முதலில் நெற்றி. பிறகு கண்ணோரம், மை கலையாமல். பிறகு கன்னம், திருஷ்டிப்பொட்டைச் சுற்றி. சேஷு கண்ணை மூடிக்கொண்டான்.

வாசற்படியிலிருந்து அம்புஜவல்லியின் குரல் வந்தது. "கழுத்துலயும் துடைச்சு விடுடா கொழந்தை, மாலை போடறச்சே கசகசன்னு இருக்கும்."

சுப்புராஜ் கைக்குட்டையைத் திருப்பி மடித்து, கழுத்தையும் துடைத்து விட்டான்.